பலராமனுக்கு வைத்த பேனர்

தனக்கொடியின் புருஷன் பலராமன் உயிரோடு இருந்த காலத்தில் தெருவில் கட்டிய முக்கால்வாசி பேனர்களில் இருந்தவன். எல்லாவற்றிலும் கடைசி வரிசைதான். யார் வீட்டில் மஞ்சள்நீர், யார் வீட்டில் சாவு என்றாலும் ஃப்ளெக்ஸ் அடிக்க ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். போட்டவர்களின் முகங்கள் அடியில் தபால்தலை அளவில் வரிசையாக வரும். கூலிங்கிளாஸ் மாட்டியவன், காதில் செல்போன் வைத்தவன், மீசையை முறுக்கியவன். பலராமன் கைகூப்பியவன். கல்யாணத்துக்கும் அந்தப் போட்டோதான், கருமாதிக்கும் அதுதான். பேனர் கட்டிய மறுநாள் காலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, வரிசையில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வேலைக்குப் போவான்.

"யோவ், தபால்தலைக்கு எதுக்குய்யா இவ்ளோ பவுடரு?" என்று தனக்கொடி சீண்டுவாள்.

"இருடி. ஒருநாளு மேல பெரிசா வருவேன், பாரு," என்பான் அவன்.

இருவரும் வில்லியனூருக்கு மேற்கே ஒரே ஊர். கரும்பு போட்ட நிலம் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டதில் கைக்குட்டை அகலத்துக்கு வந்தது. கல்யாணமான கையோடு டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டார்கள். பலராமன் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். தனக்கொடி லாஸ்பேட்டையில் மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் உதவிக்குப் போனாள். ஒரே பெண் பூர்ணிமா பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலைக்குப் போய், கால் வீங்கி, நின்றுவிட்டிருந்தாள். கடையில் உட்காரக்கூடாது என்பது விதி. இரண்டு வீட்டுப் பக்கமும் பார்த்தால் உட்கார்ந்து செய்கிற வேலையில் இதுவரை ஒருவரும் இருந்ததில்லை. தனக்கொடிக்கு அது ஒன்றுதான் ஆசை. மகள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கவேண்டும். வேறு எதையும் அவள் சாமியிடம்கூடக் கேட்டதில்லை.

கோடை மழையில் கம்பெனியில் கூரை ஒழுகியது. கான்ட்ராக்ட் பார்க்கும் வடிவேல் பலராமனுக்குப் பங்காளி முறையில் தம்பி. "மேல ஏறி என்னானு பாருங்கண்ணே," என்றான். பலராமன் பக்கெட் மெஷினில் நிற்பவன், கூரை வேலை தெரியாதவன். சொன்னதற்காக ஏறினான். சிமென்ட் ஷீட் உடைந்து உள்ளே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வாசலில் ஃப்ரீசர் பெட்டி தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. மேளக்காரனுக்கு இன்னும் ஆள் போகவில்லை, பெட்டி வந்துவிட்டது. அதன் தலைமாட்டில் ராஜாவின் முகம் ஒட்டியிருந்தது. 'எளியோர் எழுச்சிக் கழகம். ஏழை வீட்டுத் துயரத்தில் முதல் ஆள்' என்று எழுத்து. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த டீ கப்பிலும் அதே முகம் கைகூப்பிக்கொண்டிருந்தது.

ராஜா முன்பு கல்யாண வீடியோ எடுத்தவன். மணப்பெண் எந்த நிமிஷத்தில் அழப்போகிறாள் என்று அவளைப் பெற்றவளுக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்; கேமரா அங்கே போய் நிற்கும். கொரோனாவில் கல்யாணங்கள் நின்றபோது கட்சி ஆரம்பித்தான். கட்சிக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. கொள்கை என்ன என்று கேட்டால் தெருவில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் எளிய வீட்டில் சாவு என்றால் அவன் பெட்டி வரும், டீ வரும், கடைசியில் அவனே வெள்ளைச் சட்டையில் வந்து பாடைக்குத் தோள் கொடுப்பான். தெருமுனை வரைக்கும்தான். அந்தத் தெருமுனை வரைக்கும் உள்ளதுதான் அன்று சாயங்காலம் எல்லார் செல்போனிலும் ஓடும்.

பலராமனுக்கும் வந்தான், தோள் கொடுத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். தனக்கொடி தலைவிரிகோலமாகப் பெட்டியின் மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தாள். யார் நின்றார்கள், யார் எடுத்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

எரித்துவிட்டு வந்த அன்று வடிவேல் மட்டும் வீட்டுக்குள் வந்து சுவர் ஓரமாகக் குந்தினான். அவன் முகத்தைப் பார்க்கப் பூர்ணிமாவுக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணி, ஓனர்கிட்ட பேசிட்டேன். பாப்பாவுக்கு ஆபீசுல வேலை. கம்ப்யூட்டர்ல பில்லு போடறது. கான்ட்ராக்ட் இல்ல, கம்பெனி வேலை. காரியம் முடிஞ்ச மறுநாளே வரச் சொல்லிட்டாரு."

"அப்பாவ மேல ஏறச் சொன்னது யாரு சித்தப்பா?" என்றாள் பூர்ணிமா.

வடிவேல் தலை நிமிராமல் சொன்னான். "நான்தாம்மா சொன்னேன். எனக்குச் சோறு எறங்கல. அதுக்குத்தான் இதையாவது வாங்கிக் குடுக்கலாம்னு ஓனரு வாசல்லயே நின்னேன்." பிறகு தனக்கொடி பக்கம் திரும்பினான். "ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு அண்ணி. கட்சி, கேசு, டிவினு எதுவும் வரக்கூடாது."

"நமக்கு எந்தக் கட்சி இருக்குது?" என்றாள் தனக்கொடி. அவள் மனசில் அப்போதே மேஜையும் நாற்காலியும் வந்துவிட்டன. புருஷனை எரித்த அன்று இப்படி ஒரு நினைப்பா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் நாற்காலி போகவில்லை.

பால் தெளித்த அன்று தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் செல்போனோடு வந்தார்கள். பலராமனோடு பேனர்களில் கீழ் வரிசையில் இருந்தவர்கள்தான்.

"அக்கா, அண்ணனுக்குப் பேனரு வைக்கணும்ல? ராஜா அண்ணன் செலவு. டிசைன் பாருங்க."

தனக்கொடி வாங்கிப் பார்த்தாள். அதே கைகூப்பிய போட்டோ. ஆனால் இப்போது பலராமன் மட்டுமே இருந்தான். செல்போன் முழுக்க அவன் முகம். பின்னால் வானம், மேகம், இரண்டு புறா. 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்து. கீழ் வரிசையில் தெருப் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள்.

அவர்கள் தெருவில் செத்தவனுக்குப் பேனர் இல்லை என்றால் பாடையே இல்லாத மாதிரி. மாலை எப்படியோ பேனரும் அப்படி. யார் வாங்கி வந்தார்கள் என்று மாலையை யாரும் கேட்பதில்லை. ஆனாலும் வடிவேல் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"கீழ கட்சி பேரு போட்டிருக்குதே தம்பி?"

"அது பந்தல்காரன் போர்டு மாதிரிக்கா. பந்தல் போட்டா அவன் போர்டு மாட்ட மாட்டானா?"

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. பந்தல்காரன் போர்டு மாட்டினால் அது பந்தல்காரன் வீட்டுச் சாவு ஆகிவிடுமா? செல்போனைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

"பெரிசாவே அடிச்சிடுங்க," என்றாள். "ஒரு தடவையாவது இருக்கட்டும்."

மறுநாள் எதிர்வீட்டு அமிர்தவல்லி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். "ஏய் தனம், உம்புருசன் கம்பெனி வாசல்லயே நிக்கறான்டி! ஊரே கூடிக் கெடக்குது!"

துக்க வீட்டுக்காரி வெளியே போகக்கூடாது என்பதால் பூர்ணிமா போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே, மதிலை மறைத்து நின்றது பேனர். பாதிக்கு மேல் ராஜா. வெள்ளைச் சட்டை, நீட்டிய விரல். விரலுக்கு மேலே மூலையில் பலராமன். நடுவில் தனக்கொடி, அவிழ்ந்த கூந்தலும் திறந்த வாயுமாக. 'பலராமனைக் கொன்றது யார்? முதலாளியே, பதில் சொல்!' மேகமும் புறாவும் இல்லை. கீழ் வரிசைப் பையன்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

வீடியோவும் வந்துவிட்டது. அவள் பெட்டியின் மேல் விழுவதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். அவள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தாள். வயலின் அழுதது. ராஜா கண்ணைத் துடைத்தான். தன் அழுகை தனக்கே யாரோ ஒருத்தியின் அழுகை மாதிரி இருந்தது அவளுக்கு. அதைப் பார்த்து அழுகை வந்ததுதான் அசிங்கமாக இருந்தது.

வடிவேல் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என்னா அண்ணி இது? முந்தாநாளுதான சொன்னேன்? ஓனரு போன எடுத்து அடிக்காத கொறதான். காரியத்துக்குள்ள அத எடுக்கச் சொல்லிடுங்க. எடுத்துட்டா நான் கால்ல வுழுந்தாவது பேசிக்கிறேன். இல்லனா பாப்பா வேலைய மறந்துடுங்க."

பேனரின் மூலையில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. தனக்கொடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மகளோடு கிளம்பினாள். "காரியம் முடியறதுக்குள்ள வாசப்படி தாண்டறியே, ஊரு என்னா சொல்லும்?" என்று அமிர்தவல்லி தடுத்தாள். "உன் வூட்டுக்கு வந்தா வெளக்குமாத்தால அடி," என்றுவிட்டுப் போனாள் தனக்கொடி.

கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. நடத்துகிறவர் கமருஸ்ஸமான். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளரின் முகத்துப் பருக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். தனக்கொடியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவள் முகத்தையும் அவர்தான் வெட்டி ஒட்டியிருந்தார்.

"பாய், எனக்குக் காட்டினது வேற, கட்டினது வேற."

"தெரியும்மா," என்றார். "ரெண்டு டிசைன் போடச் சொல்லுவாங்க. ஒண்ணு வூட்டுல காட்டறதுக்கு. ஒண்ணு ரோட்டுக்கு."

"எல்லாச் சாவுக்குமா?"

"வயசாயி போனவங்களுக்கு வூட்டு டிசைனே போதும்னுடுவாங்க. இந்த மாதிரி வந்தாத்தான் ரெண்டு. மொதல்ல எல்லாம் அவரு படம் கீழ மூலையில இருந்துச்சி. சாவுக்குச் சாவு கொஞ்சம் பெரிசு பண்ணச் சொல்லுவாரு. இப்ப செத்தவங்க மூலைக்கு வந்துட்டாங்க." குற்றம் சாட்டுகிற குரலும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற குரலும் இல்லை. அளவு சொல்கிற குரலில் சொன்னார்.

"எடுக்கச் சொல்லணும் பாய். எம்பொண்ணு வேலை போயிடும்."

"அடிச்சதோட என் வேலை முடிஞ்சிது. அவருகிட்டதான் கேக்கணும். ஆனா..." பூர்ணிமாவைப் பார்த்தார். "நேர்ல போவாதம்மா. அங்க எப்பவும் ஒருத்தன் போன நீட்டிக்கினே இருப்பான். நீங்க எதச் சொன்னாலும் அவங்களுக்கு ஆவும்."

அவர் சொன்னது நல்லதற்குத்தான் என்று தனக்கொடிக்குத் தெரிந்தது. ஆனால் நேரில் போகாமல் வேறு எப்படிக் கேட்பது? ஒருவனிடம் ஒன்று வேண்டும் என்றால் அவன் வாசலில் போய் நிற்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு வழி இருந்ததில்லை.

பழைய ஸ்டூடியோவையே ராஜா கட்சி அலுவலகமாக ஆக்கியிருந்தான். முன்பு மணமக்களை நிறுத்திய நீலத் திரை இன்னும் பின்னால் தொங்கியது. அவளைக் கண்டதும் எழுந்து வந்து, தானே நாற்காலி இழுத்துப் போட்டு, ஒரு பையனை விரட்டி மோர் வாங்கிவரச் சொன்னான். குறுக்கே பேசாமல் கேட்டான். அவ்வளவு பொறுமையாக அவள் பேச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அக்கா, ஒரு பில்லு போடற வேலைக்கா அண்ணன் உயிர வுட்டுக் குடுக்கறீங்க? கொஞ்சம் பொறுங்க. தங்கச்சிக்கு கவர்மென்ட் வேலையே வாங்கித் தர்றேன்."

"உங்க கட்சியில ஒரு எம்.எல்.ஏ. கூட இல்லியே, எப்பிடி வாங்குவீங்க?" என்றாள் பூர்ணிமா.

ராஜா கோபப்படவில்லை. கைகொட்டிச் சிரித்தான். "அய்யோ, என்னா கேள்வி! தங்கச்சி, மைக்கு குடுத்தா பேசுவியா?"

"பேனர எடுங்கண்ணா."

"இப்ப எடுத்தா நான் ஓனர்கிட்ட வாங்கிட்டேன்னு பேசுவாங்கம்மா. எம்பேரு என்னா ஆவறது?"

 தனக்கொடி நாற்காலியிலிருந்து இறங்கி அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடு சாமி. எடுக்கலன்னா எம்பொண்ணுக்கு வேலை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கள வுட்டுடு சாமி. வாழவுடு."

அவன் பதறித் தூக்கினான். பதற்றம் உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கும்போது அவள் முகம் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்புகிற மாதிரி தூக்கினான். பழக்க தோஷமாகவும் இருக்கலாம்.

அன்று சாயங்காலம் அந்த வீடியோ வந்தது. கால் இல்லை, சாமி இல்லை, பேனரும் இல்லை. 'எம்பொண்ணுக்கு வேலை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க... எங்கள வுட்டுடு... வாழவுடு' என்று கதறும் தனக்கொடி மட்டும். மேலே சிவப்பு எழுத்தில், 'விதவைத் தாயை மிரட்டும் முதலாளி!' விடிவதற்குள் டிவிக்காரர்கள் வாசலில் மைக்கோடு நின்றார்கள். பூர்ணிமா கதவைச் சாத்தினாள். 'பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்ட குடும்பம்' என்று அதையும் காட்டினார்கள்.

அப்போதுதான் பூர்ணிமா கத்தியை எடுத்தாள். "போய் அறுத்துட்டு வந்துடறேன்மா. எடுக்கணும், அவ்ளோதான? யாரு எடுத்தா என்னா?"

தனக்கொடிக்கும் வேறு வழி தோன்றவில்லை. மறுநாள் விடியற்காலையில், கம்பெனியில் ஷிப்ட் மாறுவதற்கு முன்னால் இரண்டு பேரும் போனார்கள். முதலில் தனக்கொடிதான் கத்தியை வாங்கினாள். கிட்டே போனதும் பலராமன் கைகூப்பிக்கொண்டு அவளைப் பார்த்தான். கத்தி பிடித்த கை மேலே எழவில்லை.

"நீயே அறு. ஆனா காரியம் முடியாம அப்பா மூஞ்சி சாக்கடையில வுழக்கூடாது. அத மட்டும் தனியா எடுத்துக்கோ."

மதில்மேல் ஏறி, பலராமன் இருந்த மூலையைச் சதுரமாக அறுத்தெடுத்துச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்தாள் பூர்ணிமா. மிச்சத்தின் கயிறுகளை வெட்ட இரண்டாவது கம்பத்துக்குப் போவதற்குள் ஷிப்ட் ஆட்கள் வரும் சைக்கிள் மணி கேட்டது. இரண்டு பேரும் வந்த வழியே ஓடிவந்துவிட்டார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால், படத்தோடு ராஜாவின் விரல் நுனியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பூர்ணிமா அதைக் கத்தரித்து அடுப்பில் போட்டாள்.

அவர்கள் அறுக்காமல் இருந்திருக்கலாம். அல்லது முழுசாகவாவது அறுத்திருக்கலாம். காலையில் ஊர் பார்த்தது என்ன என்றால், செத்தவன் முகம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் வானம் தெரிந்தது. பக்கத்தில் வாய் திறந்து கதறும் பெண்டாட்டி. கீழே நீட்டிய விரல் நுனி வெட்டுப்பட்டு நின்றது. ராஜா வந்து பார்த்தான். கல்யாண வீடியோ எடுத்தவன் இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றான் என்று பிறகு அமிர்தவல்லி வந்து சொன்னாள். அவன் வாழ்நாள் முழுக்க யோசித்தாலும் அப்படி ஒரு படம் அவனுக்குத் தோன்றியிருக்காது.

'செத்த பிறகும் பலராமனை வெட்டினார்கள்!' சாலை மறியல் நடந்தது. மேலே டிரோன் பறந்தது. ஓட்டை விழுந்த பேனரை அப்படியே போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவைப் பேனராக அடித்து, வில்லியனூரிலும் அரியாங்குப்பத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் கட்டினார்கள். சென்னை டிவிக்காரர்கள் வந்தார்கள். அதுவரை கட்சியின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாம் எளியோர் எழுச்சி, எளியோர் எழுச்சி என்றார்கள். சனங்கள் ஓட்டைக்குள் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு மரச்சட்டம் செய்து கடற்கரைச் சாலையில் நிறுத்தியிருந்தார்களாம். 'நானும் பலராமன்' என்று அதற்குப் பெயர். சுற்றுலா வந்தவர்கள்கூடப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தனக்கொடி வடிவேலுக்குப் போன் செய்தாள். "நாங்கதான் அறுத்தோம் வடிவேலு. டிவியிலயே சொல்லிடறேன். ஓனரு மேல பழி இல்லனு ஆயிடும்ல?"

 "யாரு நம்புவா அண்ணி? ஓனரு சொல்லச் சொல்லித்தான் சொல்றீங்கன்னு அதுக்கு ஒரு வீடியோ போடுவாங்க. நீங்க வாயத் தெறக்காதீங்க. இனிமே தெறக்கவே தெறக்காதீங்க."

அவன் சொல்வது சரி என்று அவளுக்குப் புரிந்தது. அறுத்தெடுத்த முகம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் திருடியது யார் என்று கேட்பார்கள். புருஷன் முகத்தைப் பெண்டாட்டி திருடினாள் என்று சொன்னால் எந்த ஊர் நம்பும்?

கருமாதிக்கு எதிர்பாராத கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. அவளோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளக் கேட்டாள் ஒருத்தி. ராஜா வரவில்லை. அன்று அவனுக்கு டிவியில் விவாதமாம், தொழிலாளர் பிரச்சினை பற்றி.

அதற்குப் பிறகு ஒருநாள் பேனர்கள் இல்லை. யார் அவிழ்த்தார்கள், எப்போது அவிழ்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கடற்கரையில் நிறுத்திய மரச்சட்டமும் இல்லை. வீடியோக்கள் மட்டும் அங்கங்கே கிடந்தன. அவையும் புதுசு புதுசாக வந்தவற்றின் அடியில் போய்விட்டன. ராஜா இப்போது ரேஷன் அரிசி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பேனர் போய்விட்டதால் வேலை வந்துவிடும் என்று தனக்கொடி நினைத்தாள். வடிவேலுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. விடுதிக்குப் போகிற வழியில் கம்பெனி வாசலில் ஒரு நாள் பஸ் நின்றபோது எதிரே மறுபடி ஒரு பேனர்.  ராஜாவுக்குப் பிறந்தநாள். குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். 'ஏழைகளின் எழுச்சி நாயகனுக்கு நெஞ்சார்ந்த வாழ்த்துகள்' என்று எழுதி, வாழ்த்துபவர் பெயர் வரும் இடத்தில் பக்கெட் கம்பெனியின் பெயரும் பக்கெட் படமும் போட்டிருந்தது. தனக்கொடிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பஸ் நகர்வதற்குள் இரண்டு தரம் படித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நேராக வடிவேல் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் பெண்டாட்டி உள்ளே கூப்பிட்டாள், போகவில்லை. வடிவேல் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

"சமாதானம் ஆயிட்டாங்களா வடிவேலு, ரெண்டு பேரும்?"

"ஆயிட்டாங்க அண்ணி."

"அப்ப பாப்பாவ வரச் சொல்லலாம்ல? பேனருதான் இல்லியே."

அவன் வாசல் விளக்கைப் பார்த்தான். "அந்த வேலைய குடுத்தாச்சு."

"யாருக்கு?"

"கட்சியில இளைஞரணின்னு ஒருத்தன் இருக்கான்ல, அவன் தங்கச்சிக்கு. ராஜா கேட்டாரு. ஓனரு குடுத்துட்டாரு. நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு அவள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

தெருவில் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவளுக்கு அதற்கும் தெம்பு இல்லை. கத்தினால் யாராவது போனை நீட்டுவார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயம் இப்போதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்க் குழாயடியில்கூட வந்தது. சத்தமாகச் சண்டை போட்டே பல நாளாயிற்று.

"பேக்கிங்ல ஒரு ஆளு வேணும்," என்றான் வடிவேல். "என் கான்ட்ராக்ட்லதான். நின்னுதான் செய்யணும். ஆனா அது இருக்குது. பாப்பாகிட்ட கேட்டுப் பாருங்க."

தனக்கொடி மகளிடம் கேட்கவில்லை. தானாகவே சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் மழையோடு வீட்டு வாடகையும் வந்தது, விடுதியில் விடுமுறையும் வந்தது. பூர்ணிமா வேறு எங்கெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். லாஸ்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லாம் முடிவாகி, கடைசியில் அவள் பெயரை வைத்து செல்போனில் தேடிப் பார்த்தவர், "ஓ, அந்தப் பொண்ணா? வேணாம்மா, நமக்கு எதுக்கு அரசியல்," என்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒருநாள் அவளே கேட்டாள். "சித்தப்பா ஏதோ பேக்கிங்னு சொன்னாராமே. அமிர்தவல்லி அத்தை சொல்லுச்சி. ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அப்பா நின்ன எடம்டி அது."

"தெரியும்."

முதல் நாள் தனக்கொடியும் கூடவே போனாள். விடுமுறை முடிந்து திறந்த விடுதிக்கு நேரமாகும் என்று தெரிந்தும் போனாள். வாசலுக்குச் சற்று முன்னால் வடிவேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பூர்ணிமாவைத் தனியாக அழைத்து ஏதோ சொல்லிவிட்டு, தனக்கொடியைப் பார்க்காமல் உள்ளே போனான்.

"என்னாடி சொன்னாரு?"

"யாரு பொண்ணுன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாதாம். ஓனரு பையனுக்குத் தெரிஞ்சா வேணாம்னுடுவானாம். கூட வேலை செய்யறவங்ககிட்டயும் சொல்லாதன்னாரு." துப்பட்டாவைத் தலையோடு இழுத்துக் கட்டினாள். உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. "பொம்பளைங்க கேக்காம இருப்பாங்களா? அப்பா என்னா பண்றாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. என்னாம்மா சொல்றது?"

தனக்கொடி யோசித்தாள். ஊரெல்லாம் கட்டித் தொங்கவிட்ட பெயர்.

"சின்ன வயசுலயே வுட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லு," என்றாள். "எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு சொல்லிடு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

பூர்ணிமா தலையாட்டினாள். அம்மா கையிலிருந்த சோற்று டப்பாவை வாங்கிக்கொண்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து உள்ளே போனாள். வாட்ச்மேன் ஒவ்வொருத்தியையும் நிறுத்தி ஏதோ கேட்டு உள்ளே விட்டான். பூர்ணிமாவையும் நிறுத்தினான். அவள் ஏதோ சொன்னாள். அவன் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.